கவுச்சி இல்லாத வீடு

நிர்மலாதேவிக்குத் தன் கணவரின் எடையில் அப்படியொரு பெருமை. டயாலிசிஸ் தொடங்கி ஓராண்டாகியும் நல்லமுத்து ஒரு கிலோகூட இளைக்கவில்லை. மலேசியாவின் லூபோக் சீனா ஊரில் யார் விசாரித்தாலும், "வெயிட்டு அப்படியேதான் இருக்கு லா" என்பாள். தராசுக்கு என்ன தெரியும், ஏறி நிற்பது சதையா தண்ணீரா என்று?

ரத்தம்தான் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. ரத்தம் ஊறுவதற்கான ஊசியைக் கூட்டிப் போட்டும் ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. இப்படியே போனால் இருதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. அவர் நாற்காலியில் கண்ணயர்ந்தால்கூட ஓடிவந்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ரத்தம் பத்துக்கு ஏறும்வரை வீட்டில் கவுச்சியே கிடையாது என்று மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டாள். கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. சிறுநீரகம் கெட ஆரம்பித்தபோதே இறைச்சியைக் குறைக்கச் சொன்னார்களே, அதனால் இது வைத்தியமும் ஆயிற்று, பக்தியும் ஆயிற்று என்பது அவள் நினைப்பு. எஸ்டேட் லாரி ஓட்டிய காலத்தில் மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனுஷன், மறுபேச்சில்லாமல் ரசம் சோறு சாப்பிட்டார்.

அன்று டயாலிசிஸ் மையத்தில் அவருக்குப் புதிதாக ஒரு சோதனை செய்தார்கள். கையிலும் காலிலும் வில்லைகளை ஒட்டி, உடம்பில் நீர் எவ்வளவு, சதை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் மெஷின் அது. சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அனுசியா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு சதை நிறைய கரைஞ்சிருச்சு. அந்த எடத்துல தண்ணி நிக்குது. அதான் வெயிட்டு ஒரே மாதிரி காட்டுது. வீட்டுல என்ன சாப்பிடுறாரு?"

"சுத்த சைவம்மா. நேத்திக்கடன் வச்சிருக்கேன்."

"மொத குறைக்கச் சொன்னது டயாலிசிஸுக்கு முன்னாடி ஆன்ட்டி. இப்ப ஒவ்வொரு தடவையும் சத்து வெளிய போவுது. உடம்பு இப்படி வத்திப்போனா ஊசி போட்டாலும் ரத்தம் சரியா ஏறாது. முட்டை, மீன் குடுங்க, ப்ளீஸ்."

நிர்மலாதேவி சந்தைப் பக்கம் நடந்தாள். அவர் உயிருக்காக நேர்ந்ததே அவரைக் கரைத்துக்கொண்டிருந்ததா? வாக்கை மீறினால் அம்மன் சும்மா விடுவாளா? மீறாவிட்டால் இந்த உடம்பு எத்தனை நாள் தாங்கும்? பாசாரில் மீன்காரன் என்ன வேண்டும் என்று கேட்டபோது கெம்போங் மீனை விரலால்தான் காட்டினாள்.

மத்தியானம் பொரித்த மீனைத் தட்டில் பார்த்ததும் நல்லமுத்து கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன நிர்மலா இது? ரத்தம் இன்னும் ஏறலியே."

"சாப்புடுங்க. அந்தப் பொண்ணு சொல்லிருச்சு."

"வேணாம். மாரியம்மாகிட்ட சொன்ன வாக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லியா?"

அவர் தட்டிலிருந்தே ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். ருசி தெரியவில்லை. மென்று விழுங்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நேந்துகிட்டதும் நான், மொதல்ல மீறுனதும் நான். குத்தம்னா என்னைய வந்து கேக்கட்டும்."

முள்ளை எடுத்து, அடுத்த துண்டை அவர் வாயருகே நீட்டினாள். நல்லமுத்து அழுதுகொண்டே வாயைத் திறந்தார்.