பாயின் வயிறு

மருதாயிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இலங்கைத் தோட்டத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி வந்த எட்டு மாதத்தில் மூன்று இடம் மாறியாகிவிட்டது. மண்டபம் முகாம், மேட்டுப்பாளையத்தில் ஒரு கொட்டகை, இப்போது ஊட்டி ஏரிக்கு மேலே தகர ஷெட். புருஷன் இருளப்பனுக்குப் பாஸ்போர்ட் வராததால் அவன் இன்னும் அந்தப் பக்கமே நின்றான். அவன் போடும் கடிதமெல்லாம் அவள் காலி செய்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நாளைக்கே கப்பலேறினால் யாரைக் கேட்டு எங்கே வருவான்? இந்த லட்சணத்தில், ஷெட்டில் இருப்பவர்களை ஏற்றிப் போகச் சனிக்கிழமை காலை சேரம்பாடி தோட்டத்துக்கு லாரி என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அங்கேயும் எத்தனை நாளோ.

தேவநேசன் என்பவர் ஏரியில் ஒரு பழைய பாய்மரப் படகு வைத்திருந்தார். ஊரைவிட்டுப் போன துரையிடம் வாங்கியது. படகு என்றால் அவர் முகம் சுண்டிவிடும். யாட் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பாய் நைந்துபோக, புதுக் கித்தான் வரவழைத்துத் தைக்க ஆள் தேடினார். மருதாயி இலங்கையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு தைத்தவள். சரியாகத் தைத்தால் வேலையும், படகுக் கொட்டகையில் ஓர் அறையும் தருவதாகச் சொன்னார். அறை இருந்தால் விலாசம் இருக்கும். அவளுக்கு அது போதும்.

அளவுக்குக் கொடுத்த பழைய பாயைத் தரையில் விரித்தாள். எப்படி இழுத்தாலும் நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. பழசாகித் தொய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். சுருக்கம் விழுந்த படங்கைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அவள் மூஞ்சியிலேயே எறிந்திருக்கிறார். அந்தப் பயம் கையை விட்டுப் போகவில்லை. புதுப் பாயை ஒரு சுருக்கம் இல்லாமல் தட்டையாகத் தைத்து முடித்தாள். வியாழக்கிழமை அது மரத்தில் ஏறியபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

காற்று வந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர, படகு எருமை மாதிரி தண்ணீரில் கிடந்தது. தேவநேசன் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தார்.

“என்னம்மா இது, பலகையாட்டம் தெச்சு வெச்சிருக்கறே?”

“ரெண்டு நாள் தாங்க ஐயா. என்ன பிழைன்னு பாத்துச் சரிபண்ணித் தாறேன்.”

“சனிக்கிழமை மத்தியானம் ஒருக்கா ஏத்திப் பாக்கறேன். அதோட செரி.”

அவர் போனதும் கரையில் மேலும் கீழும் நடந்தாள். ஆத்திரத்தில் பழைய பாயைத் தூக்கி வேலிக் கம்பியில் எறிந்தாள். முனைகள் முள்ளில் மாட்டிக்கொண்டன. அடித்த காற்றில், அத்தனை கிழிசலோடும், அது உப்பிக்கொண்டு வேலியையே இழுத்தது. மருதாயி வாயைப் பிளந்தாள். அது தொய்வே இல்லை, வேண்டுமென்றே வைத்த வயிறு. ஏணைச் சேலையை விறைப்பாகக் கட்டினால் பிள்ளை உருண்டுவிடும் என்று தெரிந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தைத்ததையெல்லாம் பிரித்தாள். நடுவில் வயிறு விழும்படி, கித்தான் துண்டுகளை நடுவில் குறைவாகவும் ஓரங்களில் அதிகமாகவும் மடித்து இணைத்தாள். சனிக்கிழமை காலை இரண்டு தையல் பாக்கி இருக்கையில் லாரி ஹாரன் அடித்தது. ஷெட்டில் பக்கத்தில் படுக்கிற கருப்பம்மா ஓடி வந்தாள்.

“உன் பொட்டியையும் ஏத்திட்டேன். எழும்பி வா புள்ள!”

அங்கே போனால் தோட்டத்து லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா நிச்சயம். இங்கே பாய் தோற்றால் தெருதான். மருதாயி அடுத்த தையலைக் குத்தினாள்.

“நீ போக்கா,” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மத்தியானம் பாய் ஏறியது. ஒரு கணம் சும்மா தொங்கியது. பிறகு நிறைசூலி வயிறாகப் பருத்து, படகைச் சாய்த்து இழுத்துக்கொண்டு ஓடியது. தேவநேசனின் தொப்பி ஏரியில் போயிற்று. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னைக்கே குடி வந்துரும்மா. சாமானெல்லாம் எடுத்துட்டு வா,” என்றார் கரையேறியதும்.

“மொதல்ல இந்த ரூமுக்கு விலாசம் எழுதித் தாங்க ஐயா. தபால் கந்தோர் மூடிருவாங்க.”

காகிதத்தை வாங்கிக்கொண்டு மேட்டில் ஓடினாள். பாதி வழியில்தான் பெட்டி ஞாபகம் வந்தது. கம்பளி, சட்டி, மாற்றுச் சேலை எல்லாம் லாரியில் சேரம்பாடிக்குப் போய்க்கொண்டிருந்தன. போகட்டும். இருளப்பன் வந்தால் இங்கேதான் வருவான்.