கடல் தண்ணீரில் நனைத்த ஓலை

அந்தோனியார் திருநாளுக்கு ஆசீர்வதிக்க வைத்த பாண் ரொட்டி, ஒரு பெட்டிக்குள் மட்டும் ஊறி நசநசத்துப் போயிருந்தது. தாழ்வுபாடு என்ற அந்தக் கடலோரக் கிராமத்தில் அதைவிடப் பெரிய செய்தி அன்றைக்கு இல்லை.

பனையோலைப் பெட்டிகள் எல்லாம் ஆகத்தம்மா வீட்டுப் பெண்கள் இழைத்தவை: ஆகத்தம்மா, மகள் பெற்றிசியா, மருமகள் சுதர்ஷினி. மூவரும் மூலையை ஒரே மாதிரித்தான் மடிப்பார்கள். அந்த மடிப்பு அந்த வீட்டுப் பெண்களுக்குள்தான் கைமாறும். ஆகவே எது யாருடைய பெட்டி என்று வெளியாருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, ஊருக்கு வாய் இருக்கிறதே! சுதர்ஷினி வெளியூரான பெரியமடுவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், மலையகத் தோட்டக்காரர் வழி. வந்தவள்தான் பழுதாக்கியிருப்பாள் என்று கோயில் வாசலிலேயே தீர்ப்பாகிவிட்டது.

உண்மையில் அது பெற்றிசியாவின் பெட்டி. இழைக்குமுன் ஓலையை நல்ல தண்ணீரில் நனைக்க வேண்டும். அவள் இழைத்த அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வரவில்லை. குடத்தில் கிடந்த கொஞ்சத்தையும் செலவழிக்க மனமில்லாமல், ஓலைக் கட்டைக் கடலில் முக்கி எடுத்தாள். காய்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் உப்பு ஏறிய ஓலை காயாது. காய்ந்தது போல நடிக்கும். ஈரக்காற்றுப் பட்டதும் தண்ணீரை இழுத்துப் பாணில் கக்கிவிட்டது.

வாசலில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கங்கெட்டவளே என்று தன்னையே ஏசிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை ஆகத்தம்மா மருமகளைக் கூப்பிட்டாள். "இனி நீ பெட்டி இழைக்க வேண்டாம் பிள்ளை. ஓலையை மட்டும் வார்ந்து தா."

சுதர்ஷினி கத்தியோடு பின்பக்கம் போனாள். பெற்றிசியாவால் தாங்க முடியவில்லை. தாயைத் தொடர்ந்து குசினிக்குள் நுழைந்தாள்.

"அம்மா, அது என்ர பெட்டி. நான்தான் கடல் தண்ணியில நனைச்சனான்."

"தெரியும்," என்றாள் ஆகத்தம்மா அடுப்பை ஊதியபடி. "நீ இழுத்து இறுக்கிற இறுக்கம் எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் அவளை..."

"உன்னைச் சொன்னா எங்கட கையிலயே பிழை எண்டுவினம். அவளைச் சொன்னா, வந்தவள்தானே எண்டு விட்டிடுவினம். பேசாமல் இரு."

நேற்றுப் பெற்றிசியாவின் வாயை அடைத்ததும் இதே எண்ணம்தான். தாயிடம் அவள் பழகியது மூலை மடிப்பு மட்டுமல்ல.

பின்கதவடியில், வார்ந்த ஓலைக் கட்டோடு சுதர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"அந்தப் பெட்டியை நேற்றே நான் நக்கிப் பார்த்தனான், மாமி. ஒரே உப்பு. மச்சாள் தானாகச் சொல்லுவா எண்டு பொறுத்துக்கொண்டிருந்தனான்." கட்டைக் கீழே வைத்தாள். "உங்களுக்கும் தெரியும் எண்டு நான் நினைக்கேல்ல."

ஆகத்தம்மா அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினாள். கோயிலிலிருந்து திரும்பி வந்து குசினி மூலையில் கிடந்த பழுதான பெட்டியைப் பெற்றிசியா எடுத்தாள்.

"இப்பவே கோயிலடியில போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

சுதர்ஷினி வழிவிட்டு விலகினாள்.

"போங்கோ மச்சாள். எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. நேற்று என்னை ஏசேக்க எல்லாரும் அங்கதான் நிண்டவை."