குழாய் எட்டாத அறை

தனக்குப் பிடித்ததைத் தானே தெரிவு செய்யும் உரிமை குமுதினிக்குக் கிடைத்தது ஐம்பத்தேழாவது வயதில். லண்டனில் இந்தக் கிங்ஸ்பரி வீட்டுக்கு வந்து இருபது வருடமாகிறது. திரைச்சீலையின் நிறம், குசினி அலுமாரி, மாடிப்படிக் கம்பளம் எல்லாமே தம்பியின் மனைவி பிறேமினி பார்த்து எடுத்தவை. அப்படிப்பட்ட பிறேமினி ஒரு நாள் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்த காஸ் நெருப்பை நீங்களே பார்த்து எடுங்கள் மச்சாள் என்றாள். கேட்காமல் கொடுக்கிற கை சும்மா கொடுக்காது.

குளிருக்கு அறையைச் சூடாக்கும் அந்த நெருப்பைப் பூட்டப் போவது தோட்டத்துக் கோடியில் இருந்த அறைக்கு. புல்வெட்டும் இயந்திரமும் பழைய கட்டிலும் கிடந்த அறை அது. இப்போது வெள்ளை அடித்து, தரைக்குப் பலகை போட்டு, மூலையில் ஒரு குளியலறையும் பொருத்தியாயிற்று. குமுதினி அங்கே போக வேண்டும். மாடியில் அவள் இருபது வருடம் படுத்த பின்னறை, தம்பி மகன் சுஜீத்துக்கும் வரப்போகிற பெண்ணுக்கும். கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா, என்றான் தம்பி நிசாந்தன். கொஞ்ச நாளைக்கென்று யாராவது சுவருக்குள் தண்ணீர்க் குழாய் பதிப்பார்களா? குமுதினி அதைக் கேட்கவில்லை. கேட்காமலே பழகிய வாய் அது.

தொண்ணூற்றொன்றில் லண்டனுக்கு வந்தவள் அவள். பிளேஸ்டோவில் ஒற்றை அறை, பகலில் சலவைத் தொழிற்சாலை, மாலையில் பெற்றோல் நிலையம். நாலு வருடத்தில் நிசாந்தனைக் கூப்பிட்டு எடுத்தாள். அவன் படிக்க, அவள் வேலை செய்தாள். அந்த நாட்களில் அவளுக்கும் சம்பந்தம் வந்தது, ஒன்றல்ல, மூன்று. நம்முடைய ஆட்கள் சம்பந்தம் பேசும்போது முதலில் சாதகம் கேட்பார்கள், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொறுப்பு ஏதும் இருக்கோ?" என்று கேட்பார்கள். கரை சேர்க்க வேண்டிய சகோதரம், பார்க்க வேண்டிய தாய் தகப்பன், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். குமுதினி மூன்று தடவையும் மறைக்காமல், ஓம், ஒரு தம்பி இருக்கிறான் என்றாள். மூன்று வீட்டாரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

சுஜீத்துக்குச் சம்பந்தம் கொண்டுவந்த தரகர் சற்குணமும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அப்போது குமுதினி குசினியில் அவருக்கு வடை பொரித்துக்கொண்டிருந்தாள். "ஒரே பெடியன். சொந்த வீடு. பொறுப்பெண்டு ஒண்டும் இல்லை," என்று தம்பி சொன்னது எண்ணெய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கலியாணமாகாத தங்கச்சி சுஜீத்துக்கு இல்லை என்பதைத்தான் சொல்கிறான் என்று அவள் தன் மனதுக்குச் சமாதானம் சொன்னாள். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள மற்றவர் உதவி தேவையில்லை. அடுத்த கிழமையே தோட்டத்து அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது.

நெருப்புக் கடை வெம்பிளிப் பக்கம் இருந்தது. குமுதினி, தம்பி, பிறேமினி மூவரும் போனார்கள். கடைக்காரன் நல்ல மனிதன். அந்த அறைக்குக் காஸ் குழாய் வருமா என்று முதலிலேயே கேட்டான். வருமென்றால் ஒரு வகை, வராதென்றால் வெளியே சிலிண்டர் வைத்து எரிக்கிற இன்னொரு வகை, இரண்டும் வேண்டாமென்றால் மின்சாரம் என்றான். தம்பி நேரே மின்சாரத்துக்குப் போனான். பிளாஸ்டிக் கரிக்குப் பின்னால் ஒரு பல்ப் ஆட, செம்மஞ்சள் வெளிச்சம் சுவரில் நடனமாடியது. குமுதினி கையை நீட்டிப் பார்த்தாள்.

"இது நெருப்பில்லையடா தம்பி, நெருப்பின்ட படம்," என்றாள்.

அவள் தெரிவு செய்தது கறுப்பு இரும்பில் செய்த ஒரு சின்ன அடுப்பு, கண்ணாடிக்குப் பின்னால் உண்மையான சுவாலை. ஈரத்துணி பிழிந்து பிழிந்து மரத்துப்போன விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது உண்மை. ஆனால் அவளுடைய கணக்கு வேறு. வீட்டு மீற்றரிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, புல்லுக்கு அடியால் வந்து, தன் அறைக்குள் ஏற வேண்டும். பிறேமினி சோறு வைக்கிற அதே காஸ் தன் அறையிலும் எரிந்தால் தான் இந்த வீட்டு ஆள். குழாய் வராவிட்டால்? அந்தக் கேள்விக்குப் பதிலை அவள் நினைக்கப் பயந்தாள். அதனால் கடைக்காரனிடம் மூன்று தடவை, குழாயில் எரிகிறது, குழாயில் எரிகிறது என்று சொல்லி எழுதுவித்தாள்.

அளவெடுக்க வந்தவர் சண்முகராசா. காஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர், கை சுத்தம், வாய்க்கு மட்டும் பூட்டில்லை. மீற்றரைப் பார்த்தார், குழாயைத் தட்டினார், தோட்டத்தை அடியால் அளந்தார், பிறகு தலையைச் சொறிந்தார். குழாய் பழசு, ஒடுக்கம். கொதிகலன் ஒன்று, ஆறு வாய் அடுப்பு ஒன்று, முன் ஹோலில் ஒரு நெருப்பு, மூன்றுக்கும் இழுத்துப் பறித்துத்தான் காஸ் போதுகிறது. நாலாவதாக ஒன்றை அவ்வளவு தூரத்தில் பூட்டினால் எதுவும் ஒழுங்காக எரியாது. பெரிய குழாய் போடுவதென்றால் குசினித் தரை முழுவதையும் கிளப்ப வேண்டும். போன வருடம்தான் பதித்த இத்தாலி ஓடு. பிறேமினியின் முகம் போன போக்கைப் பார்த்து அவர் அந்தப் பேச்சை விட்டார்.

"ஆனா இன்னொரு வழி இருக்கு," என்றார். "முன் ஹோல் நெருப்பை மூடிவிட்டா அக்காவுக்குத் தாராளமாக் காணும். அரை மணித்தியால வேலை."

முன் ஹோல் நெருப்பு என்பது வெள்ளைச் சலவைக்கல் வளைவுக்குள் இருக்கிற ஒரு அலங்காரம். குடிபுகுந்த வருடம் ஒரே ஒரு நாள் எரிந்தது. அப்போது ஏழு வயதான சுஜீத்துக்கு மூச்சிழுப்பு என்று அணைத்தார்கள். பிறகு சாமியறை இல்லாத குறைக்கு அதற்கு முன்னால் ஒரு பலகை போட்டுப் பிள்ளையாரை வைத்தாயிற்று. நெருப்புக்கு முன்னால் இருபது வருடமாகக் குளிர்காயாமல் குந்தியிருக்கிறவர் அந்தப் பிள்ளையார் ஒருவர்தான். அவருக்குத் தினமும் விளக்கு வைக்கிறவள் குமுதினி.

பிறேமினிதான் முதலில் பேசினாள். நோர்பரியிலிருந்து பெண் வீட்டார் வரப்போகிறார்கள், வந்ததும் கண்ணில் படுவது அந்த நெருப்புத்தான், நாளைக்கு வீட்டை விற்பதென்றாலும் அதற்கென்று ஒரு மதிப்பு இருக்கிறது என்றாள். எரியாத நெருப்புக்கு இவ்வளவு வக்காலத்து! குமுதினி அவளைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். ஓம் என்று ஒரு சொல், அரை மணித்தியாலம். அவன் கைபேசியைப் பார்த்தான், தோட்டத்தைப் பார்த்தான், கடைசியில் சலவைக்கல்லைப் பார்த்தான்.

"சிலிண்டர் வைப்பம் அக்கா. அதுவும் காஸ்தானே."

குமுதினி சரி என்றாள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள். இவர்கள் கடந்தது கடல். அக்கா தம்பிக்கு மட்டும் பழமொழி விலக்குக் கொடுக்குமா?

குழாய் அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிலிண்டரில் எரிகிறதைக் கொண்டுவந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இதை இனிக் குழாயில் பூட்ட ஏலாது, உள்ளே இருக்கிற துளை வேறு என்றார் சண்முகராசா. அறைக்கு வெளியே, சன்னலுக்குக் கீழே, அவள் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு சிவப்புச் சிலிண்டர்கள் சங்கிலி போட்டு நின்றன. ஒன்று முடிந்தால் மற்றதைத் திருப்ப வேண்டும், இரண்டும் முடிந்தால் கொம்பனிக்குப் போன் அடிக்க வேண்டும். யார் அடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. இலக்கத்தை மட்டும் அவளுடைய கதவின் உட்பக்கத்தில் ஒட்டினார்கள்.

எல்லாம் பூட்டி, எரித்துப் பார்த்த பிறகு சண்முகராசா காஸ் பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒரு தாளை எடுத்தார். சொந்த ஆட்கள் இருப்பதென்றால் இது தேவையில்லை, வாடகைக்கு விடுகிற இடமென்றால் வருடா வருடம் எழுத வேண்டும் என்று விளக்கிவிட்டு, தேவையில்லைதானே என்று தாளை மடிக்கப் போனார். தம்பி மறித்தான். எழுதட்டாம், தாள் இருப்பது நல்லதாம்.

"அப்ப அக்காவை என்னெண்டு போட?" என்றார் சண்முகராசா.

"டெனன்ட் எண்டு போடுங்கோ. பிறகு ஆருக்கும் வாடகைக்குக் குடுக்கேக்க உதவும்."

குமுதினி அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குக் கேட்காது என்று அவன் நினைக்கவில்லை. கேட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தான். அதுதான் சுட்டது. பிறகு என்றால் எந்தப் பிறகு? அவள் செத்த பிறகா, இல்லை அதற்கும் முன்னமேயா? சண்முகராசாவின் வாய்க்கு அன்றைக்குத்தான் பூட்டு விழுந்தது. அவர் தலை நிமிராமல் எழுதி, கையெழுத்துக்கு அவளிடம் நீட்டினார். அவள் போட்டாள். தம்பி நீட்டிய தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது அவளுக்குப் புதிதில்லை. இந்த வீட்டை வாங்கியபோதும் அவள் பெயர் வேண்டாம் என்று ஒரு தாளில் அப்படித்தான் போட்டாள்.

தைப்பொங்கல் கழிந்த இரண்டாம் ஞாயிறு பெண் வீட்டார் வந்தார்கள். அன்று காலையே பிறேமினி தோட்டத்து அறைக்கு வந்து, ஒரு உதவி மச்சாள் என்றாள். இன்றைக்கு முன் ஹோல் நெருப்பைக் கொளுத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் பிள்ளையார் இருந்தால் சூடு தாங்காது, ஒரு நாளைக்கு அவரை இங்கே வைக்கலாமா? வைக்கலாம் என்றாள் குமுதினி. கொஞ்ச நாளைக்கு என்று வந்த அறையில் ஒரு நாளைக்கு என்று அவரும் வந்து சேர்ந்தார். வெளியே குளிர், நீங்கள் அலைய வேண்டாம், சாப்பாட்டை இங்கேயே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிறேமினி போனாள். வராதே என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

நாலு மணிக்கு வெளிச்சம் மங்கியது. பெண்ணின் தகப்பன் பாலேந்திரா, தாய் சிவகௌரி, பெண் மேனுஷா என்று மூன்று பேர் காரிலிருந்து இறங்கி உள்ளே போனதை வேலி இடுக்கால் குமுதினி பார்த்தாள். பெண் நல்ல வடிவு. சுஜீத்தைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன கையை அவள் தன்னை அறியாமல் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் பிள்ளையாருக்குப் பக்கத்தில் குங்குமச் சிமிழைக் கண்டாள். பூசைத் தட்டோடு சேர்ந்து அதுவும் வந்துவிட்டது. பெண் வீட்டாருக்குச் சந்தனம் குங்குமம் கொடுக்காமல் எப்படி? அவசரத்தில் பிறேமினி தேடித் திரிவாள். இந்தக் கிறுக்கு மனசு அப்போதும் அந்த வீட்டுக்குக் குறை வந்துவிடக் கூடாதென்றுதான் ஓடியது.

தன்னிடம் இருந்த திறப்பால் குசினிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். சிமிழை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புவதுதான் எண்ணம். முன் ஹோல் கதவு பாதி திறந்திருந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு அந்த நெருப்பு எரிந்தது, நன்றாகத்தான் எரிந்தது. அதைப் புகழ்ந்துகொண்டிருந்த சிவகௌரி எழுந்து, ஹோலின் மறுகோடியில் இருந்த பின் சன்னலுக்கு வந்து தோட்டத்தைப் பார்த்தாள்.

"அங்க பின்னால வெளிச்சம் தெரியுது. சிலிண்டரெல்லாம் நிக்குது. ஆரும் இருக்கினமோ?"

குமுதினி கதவோரம் ஒதுங்கி நின்றாள். தம்பி சொல்ல இன்னும் இடமிருந்தது. என்ர அக்கா என்று இரண்டே சொல். அவள் காத்திருந்தாள்.

"அது டெனன்ட்," என்றான் நிசாந்தன். "வாடகைக்கு விட்டிருக்கிறம்."

தடுமாறாமல் சொன்னான். ஒரு தடவை தாளில் எழுதிய சொல் இரண்டாம் தடவை வாயில் லேசாக வரும். சுஜீத் அவசரமாகத் தரையைப் பார்த்தான். அவனும் திருத்தவில்லை. இருபத்தேழு வருடம் மாமி, மாமி என்று கூப்பிட்ட வாய்.

குமுதினி சிமிழோடு வெளியே வந்தாள். குசினிக் கதவை மறுபடி பூட்டினாள். அழுகை வரும் என்று நின்று பார்த்தாள், வரவில்லை. வந்தது கோபம். முப்பது வருடமாக வட்டிக்கு விட்டதுபோல உள்ளே கிடந்து பெருத்த கோபம். ஓம், ஒரு தம்பி இருக்கிறான் என்று மூன்று வீட்டாருக்குச் சொன்ன வாயை இன்றைக்கு வெட்டிப் போடலாம் போல இருந்தது. வீட்டின் பக்கத்து ஒழுங்கையால் சுற்றி முன் வாசலுக்கு வந்தாள். திறப்புக் கையில் இருந்தது. ஆனாலும் மணியை அடித்தாள்.

நிசாந்தன்தான் திறந்தான். அவனுக்குப் பின்னால் ஹோல் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. யார் வந்தது என்று பாலேந்திராவும் சிவகௌரியும் எட்டிப் பார்த்தார்கள். அவள் சிமிழை நீட்டினாள், அதன்மேல் திறப்பை வைத்தாள்.

"நான் பின்னால குடியிருக்கிறனான்," என்றாள் எல்லோருக்கும் கேட்க. "உங்கட வீட்டுத் திறப்பு இவ்வளவு நாளும் என்னட்ட இருந்தது. குடுத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

அவனை அவள் வாழ்நாளில் நீங்கள் என்று சொன்னதில்லை. அவன் அவளைப் பார்த்தான். கண் ஒரு கணம் பிளேஸ்டோ அறைக்குப் போய் வந்தது போல இருந்தது. இப்போதாவது அக்கா என்பான், உள்ளே வா என்பான் என்று, வெட்கம்கெட்ட மனசு, அந்தக் கடைசி நொடியிலும் ஒரு அடி முன்னால் போய் நின்றது.

நிசாந்தன் சிமிழை வாங்கி, அதன்மேல் இருந்த திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"தாங்க்ஸ்," என்றான்.

பிறகு கதவைச் சாத்தினான். அறைந்து சாத்தவில்லை, இடுக்கு விடாமல் மெதுவாக அழுத்திச் சாத்தினான். உள்ளே நெருப்பு எரிகிறது அல்லவா, சூடு வெளியே போய்விடக் கூடாது.