கடைசியாக ஓடி வந்தவள்

என் கணவர் வென்டல் முப்பத்தொரு வருடம் ஒஹையோவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். ஏழு இருபது என்றால் ஏழு இருபதுக்குக் கதவை மூடிவிடுவார். பையை இழுத்துக்கொண்டு பின்னால் ஒரு குழந்தை ஓடிவருவது கண்ணாடியில் தெரியும், நிறுத்த மாட்டார். "இன்னிக்கு நிறுத்தினா நாளைக்கும் லேட்டாத்தான் வரும்" என்பார். இப்படிப்பட்ட மனிதரோடு நான் கரீபியன் கடலில் ஏழு நாள் உல்லாசக் கப்பலில் போகும்படி ஆயிற்று. நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்த பயணம்.

எனக்கு அதில் ஒரே ஓர் ஆசைதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஏழு நாளில் ஒரு முறையாவது அவர் என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும். வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது, புல்வெட்டும் இயந்திரம் இருக்கிறது. கடலில் என்ன இருக்கிறது? தண்ணீர்தானே. தண்ணீர் அலுத்தால் பெண்டாட்டியைப் பார்ப்பார் என்று கணக்குப் போட்டேன்.

தப்புக் கணக்கு. கப்பலில் யாரும் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. காலையில் வினாடி வினா, பதினோரு மணிக்கு பிங்கோ என்கிற எண் விளையாட்டு, மத்தியானம் ஐஸ் சிற்பம் செதுக்குவது, அதற்குமேல் நாள் முழுக்கச் சாப்பாடு. இரண்டே நாளில் வென்டலுக்கு ஒரு கூட்டாளிக் கும்பல் சேர்ந்துவிட்டது. நான் மேல்தளத்தில் இரண்டு சாய்வு நாற்காலி பிடித்து, இரண்டிலும் துண்டு விரித்து, ஒன்றில் உட்கார்ந்திருப்பேன். இடத்துக்கு அலைகிறவர்கள் வந்து, "இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்பார்கள். "என் வீட்டுக்காரர் வருவார்" என்பேன். மூன்றாம் நாள் அந்தத் துண்டை நானே மடித்து எடுத்துவிட்டேன்.

அவருக்கு ரொம்பப் பிடித்த வேடிக்கை இன்னொன்று உண்டு. கரைக்குப் போனவர்களில் யாராவது ஒருவர், கப்பல் கிளம்புகிற நேரத்துக்குத் தலைதெறிக்க ஓடி வருவார். அதைப் பார்க்க மேல்தளத்துக் கம்பி ஓரமாக ஓர் ஊரே கூடிவிடும். கையில் பீர், வாயில் விசில், மற்றக் கையில் படம்பிடிக்கிற கைபேசி. முன்வரிசையில் வென்டல் இல்லாமல் இருந்ததே இல்லை.

ஐந்தாம் நாள் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் கப்பல் நின்றது.

"வாயேன், சேர்ந்து ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றேன்.

"இன்னிக்கு பிங்கோல பெரிய பரிசு, லோர்னா. நீ போயிட்டு வா. ஆனா ஒண்ணு, கப்பல் நேரம்தான் நேரம். நாலரைக்குள்ள ஏறிடணும். உனக்காக ஒருத்தனும் நிக்க மாட்டான்."

"தெரியும்."

"தெரியும் தெரியும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் ஓடி வர்றாங்க."

நான் தனியாக இறங்கினேன். ஒரு கடையில் ஆரஞ்சு நிறத்தில், பெரிய பெரிய மஞ்சள் பூப்போட்ட கவுன் ஒன்று தொங்கியது. நாற்பது வருடமாகச் சாம்பலும் பழுப்புமாக உடுத்துகிறவள் நான். என்ன பேய் பிடித்ததோ, வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டேன். அகலமான ஓலைத் தொப்பி ஒன்றும் வாங்கினேன்.

"வீட்டுக்காரர் பார்த்தா அசந்துடுவாரு மேடம்" என்றாள் கடைக்காரி.

வியாபாரப் பேச்சுதான். ஆனாலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகளுக்குப் படம் அனுப்பலாம் என்று, கிளம்பியதிலிருந்து அணைத்தே வைத்திருந்த கைபேசியை உயிர்ப்பித்தேன். அது தீவின் சமிக்ஞையைப் பிடித்ததும், என்னைக் கேட்காமலே தீவின் நேரத்துக்கு மாறிக்கொண்டது. கப்பல் நேரத்தைவிடத் தீவில் ஒரு மணி நேரம் குறைவு. நான் அதைக் கவனிக்கவில்லை. கைபேசியில் மூன்று என்று பார்த்து, சாவகாசமாக உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிட்டேன். அப்போது கப்பலில் நான்கு.

துறைமுகத்துக்கு வந்தபோது கப்பல் ஊதியது. மற்றவர்கள் யாரையும் காணோம். ஒரு டாக்சிக்காரர் என் கழுத்தில் தொங்கிய அறை அட்டையைப் பார்த்துவிட்டு, "அய்யோ மேடம், அது உங்க கப்பல்! ஓடுங்க!" என்று கத்தினார்.

ஓடினேன். அறுபத்துநான்கு வயதில், ஒரு முட்டியை மாற்றிய காலோடு, கால் மைல் கான்கிரீட் பாலத்தில் ஓடினேன். பாதியில் தொப்பி பறந்துவிட்டது. அதனால், முகத்தை மறைத்தது என்று பின்னால் தொப்பியைக் குறை சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

மேலே ஆரவாரம் கேட்டது. நிமிர்ந்தேன். முன்வரிசையில் வென்டல். அப்பாடா, பார்த்துவிட்டார், யாரிடமாவது சொல்லி நிறுத்தி வைப்பார் என்று உயிர் வந்தது. கையைத் தூக்கி ஆட்டினேன். "வென்டல்!" என்று கூப்பிட்டேன்.

அவர் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். பிறகு, பேருந்து நிறையக் குழந்தைகளை அடக்கிப் பழகிய அந்தக் குரல் வந்தது.

"ஓடு கிழவி, ஓடு! மூடப் போறான்!"

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. "ஓடு கிழவி! ஓடு கிழவி!" என் புருஷன் கைபேசியை என் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார். அவருக்கு அது நான் என்று தெரியவில்லை. ஓடுவதை நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தீவில் நின்றுவிட்டால் யார் தேடப் போகிறார்கள்? ஆனால் கால் ஓடிக்கொண்டே இருந்தது.

படியை எடுக்கவிருந்த ஊழியப் பெண் என் அட்டையை வாங்கி இயந்திரத்தில் உரசினாள். "நாலு தடவை மைக்குல உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம் மேடம். ரூமுக்கும் போன் பண்ணோம், யாரும் எடுக்கல."

"என் வீட்டுக்காரர் மேல இருக்கார்."

"அப்படியா? யாரும் வந்து கேக்கலையே."

"பாட்டுக் கச்சேரி சத்தத்துல கேட்டிருக்காது" என்று அவருக்காக நானே வாதாடினேன். அவள் பாவம், தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து கொடுத்தாள். கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு அந்தக் கவுனோடேயே போனேன். எங்கள் மேசையில் தினமும் எங்களோடு உட்காருகிற ராயும் அவர் மனைவி ஜாய்ஸும் இருந்தார்கள். வென்டல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? ரொட்டி எடுத்துக்க" என்று வெண்ணெயிடம் சொன்னார். உடனே ராய் பக்கம் திரும்பி, "இன்னிக்கு நீ வராமப் போயிட்டியே! இந்த வாரத்துலயே பெரிய ஓட்டம் இதுதான். பாரு" என்று கைபேசியை நடுவில் வைத்தார்.

ராய் சிரித்தார். ஜாய்ஸும் சிரித்தாள். பிறகு ஜாய்ஸ் திரையைப் பார்த்தாள், என் கவுனைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது. ராயின் முழங்கையில் இடித்தாள். ராயும் கப்சிப்.

"என்ன, பிடிக்கலையா? பொறு பொறு, இப்போ கையை ஆட்டுவா பாரு" என்றார் வென்டல். "மேல யாரையோ கூப்பிடுறா. எந்தப் பாவிடா அவன், இறங்கிப் போய் அவ கையைப் பிடிக்கக் கூடாதா?"

ஜாய்ஸ் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். சொன்னால் அவர் பதறுவார், மன்னிப்புக் கேட்பார், ஊருக்கே விளக்கம் சொல்வார். எனக்கு அது எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"எனக்குச் சரியாத் தெரியல" என்றேன். "இன்னொரு தடவை போடேன்."

அவருக்கு ஒரே குஷி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். கைபேசியை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தார். ஆரஞ்சுக் கவுன் போட்டவள் மறுபடியும் ஓடி வந்தாள். அந்தப் பயணத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது அது ஒன்றுதான்.