நீ கேட்டதுதான்

என் தம்பி என்னைவிடப் பத்து நிமிடம் இளையவன். இரட்டைப் பிள்ளைகளில் இரண்டாவதாக வந்தவனுக்கு அடக்கம் வேண்டாமா? அவனுக்கு நான் என்றைக்கும் 'கழுதை'தான். இரண்டு வாரத்துக்கு முன்னால், நான் தனியாக வரைந்த முதல் கட்டடப் படத்தைப் பார்க்க ஒரு மழலையர் பள்ளித் தலைமையாசிரியை வந்திருந்தார். அவர் எதிரிலேயே, "ஏ கழுதை, ஃபோன் அடிக்குது பாரு" என்றான். அவர் போனதும் நான் ஆடிய ஆட்டத்தில் வீடே நடுங்கியது. அதோடு பேச்சு நின்றுபோனது.

இன்று காலை தலைமையாசிரியையிடமிருந்து மின்னஞ்சல். பன்னிரண்டு மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது, அதற்குள் எல்லாப் படங்களும் வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். ஆறு மாத உழைப்பு. என் மடிக்கணினியில் இடமில்லாததால் அத்தனை படங்களும் தம்பியின் கணினியில், எனக்கென்று அவன் பகிர்ந்துவிட்ட ஃபோல்டரில் இருந்தன. சண்டைக்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை. பத்தரை மணிக்குத் திறந்தேன். அணுக முடியவில்லை என்றது.

அவன் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை அரங்கில் செவிலியர். விடிந்ததும் தன் அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். ஃபோன் செய்தேன், வேலை நேரத்தில் வழக்கம்போல் அங்கே லாக்கருக்குள் அணைந்து கிடந்தது. சரி, நானே பார்க்கிறேன்.

முதலில் அவன் கணினி ஓடுகிறதா? கதவில் காதை வைத்தேன், உள்ளே விசிறி இரைந்தது. படம் வராமல் எழுவதில்லை என்று நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அடுத்து வைஃபை. அங்கேதான் என் வண்டவாளம் வெளியானது. 'அவன் பெயர் வைத்த வைஃபை எனக்கு எதற்கு' என்று கோபத்தில் விருந்தாளிகளுக்கான இணைப்புக்கு மாறியிருந்தேன். விருந்தாளிக்கு இணையம் உண்டு, வீட்டுக் கணினிகளைப் பார்க்கும் உரிமை கிடையாது. யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதை. வீட்டு இணைப்புக்கே திரும்ப மாறினேன். அவன் கணினியின் பெயர் தெரிந்தது. ஃபோல்டரை அழுத்தினால், பாஸ்வேர்டு கேட்டது. பழையதைப் போட்டேன், தப்பு.

அப்போதுதான் சண்டையன்று இரவு அவன் அனுப்பிய செய்தி நினைவுக்கு வந்தது. கோபத்தில் பதில்கூடப் போடவில்லை. தேடி எடுத்தேன்.

"பாஸ்வேர்டு மாத்திட்டேன். இன்னைக்கு நீ கேட்டதுதான்."

அன்று நான் காதால் கேட்டது என்ன? கழுதை! எவ்வளவு கொழுப்பு இருந்தால் அதையே பாஸ்வேர்டாக வைப்பான்? பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கில எழுத்தில் அடித்தேன். தப்பு. இந்த 'ழு'வைத் தமிழன் எத்தனை விதமாக எழுதுவான்! zh போட்டேன், l போட்டேன், 'தை'க்கு th, dh என்று மாற்றினேன். ஆறு கழுதைகளும் உதைத்தன. இன்னும் சில தப்பு விட்டால் கணக்கே பூட்டிக்கொள்ளும். மணி பதினொன்று நாற்பது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டுற?"

"உன் பிள்ளை வச்ச பாஸ்வேர்டும்மா. அன்னைக்கு நீ கேட்டதுதான்னு எழுதியிருக்கான். நான் கேட்டது கழுதைதானே?"

"அது அவன் சொன்னதுடி. நீ என்ன கேட்டேன்னு யோசி. தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனியே!"

என் விரல்கள் அப்படியே நின்றன. ஆமாம், கத்தினேன். "உன்கிட்ட நான் பெருசா என்னடா கேட்டேன்? ஒரே ஒரு தடவை அக்கான்னு கூப்பிடுன்னுதானே!"

நான்கே எழுத்து. akka.

ஃபோல்டர் திறந்தது. படங்கள் வரிசையாக வந்து நின்றன. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தன. பள்ளியிலிருந்து 'கிடைத்தது' என்று பதிலும் வந்தது.

இரண்டு வாரமாக அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான்தான் காதில் வாங்கவில்லை. ஃபோனை எடுத்து அவனுக்கு எழுதினேன்.

"தொறந்துடுச்சுடா. படம் போயிடுச்சு. சாயங்காலம் சீக்கிரம் வா. இப்படிக்கு, கழுதை."