கல்லெறி பொறிக்கு ஐந்நூற்றைம்பது மரம்

ஒரு ராஜாவின் மானம் முந்நூறு தங்கம். கோட்டைக்குள் சிக்கிக்கொண்டவர் அதைக் கட்டிவிட்டால், வெளியே நிற்கிற படை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். அந்த விலையை வைத்தவன் நான். இதுவரை யாரும் கட்டியதில்லை. விற்காத சேலையும் கடையில் தொங்கத்தானே வேண்டும்.

எங்கள் கணினி விளையாட்டின் பெயர் 'ஏழு மதில்'. ஒருவர் கோட்டைக்குள், இன்னொருவர் வெளியே முற்றுகை. நிரல் முழுவதும் லிங்கேஸ்வரன் எழுதியது. அவன் கையை எடுத்தால் விளையாட்டே இல்லை. ஏணிக்கு எத்தனை மரம், குதிரைக்கு எத்தனை தங்கம் என்று விலை வைப்பது நான், இனாயத்துல்லா. கோலசிலாங்கூரில் மூன்று தலைமுறையாகத் துணி விற்கிற வீட்டுப் பிள்ளை. பத்து முற்றுகையில் பாதியில் கோட்டை விழ வேண்டும், பாதியில் நிற்க வேண்டும். விலை சரியாக இருந்தால் இரண்டு தரப்பும் ஒரே அளவு என்னைத் திட்டும். மூன்று வருடமாகத் திட்டு வாங்கி அலுத்துவிட்டது, ஆனால் தராசு பெரும்பாலும் நேராகத்தான் நின்றது.

விலை வைப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நான் ஏற்றிச் சொல்வேன். அவன் "பகல் கொள்ளைடா" என்று பாதிக்குக் கேட்பான். கத்திக் கத்தி நடுவில் எங்கேயோ வந்து நிற்போம். அந்த இடம்தான் சரியான விலை.

போன மாதம், மதிலை உடைக்கிற கல்லெறி பொறி மலிவாகிவிட்டது என்று கோட்டைக்காரர்கள் புலம்பினார்கள். நானூறு மரத்துக்குள் முடியும் என்று மனதில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் லிங்கேஸ்வரனுக்கு "ஐந்நூற்றைம்பது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஓகே" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அன்றே அந்த விலை சர்வரில் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடைக்குத் திரும்பும்போது சபாக்கிலிருந்து கண்மணி அழைத்தார். டியூஷன் டீச்சர். முற்றுகை போடுவதில் அவரை மிஞ்ச எங்களிடம் ஆள் இல்லை.

"பாய், ரெண்டு மணி நேரமா மதிலுக்கு வெளிய மரம் வெட்டிக்கிட்டு இருக்கேன். இது யுத்தமா, எஸ்டேட் வேலையா?"

"கொஞ்சம் பொறுங்க டீச்சர்."

"வேலை வாங்க ஒரு மண்டோரையும் போட்டுருங்க பாய். காலையில பேர் கூப்பிடட்டும்."

கணக்கைப் பார்த்தேன். அறுபது முற்றுகையில் விழுந்த கோட்டை நான்கு. வெளியே நிற்பவர்கள் ஒவ்வொருவராக ஆட்டத்தைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை லிங்கேஸ்வரன் புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையிலிருந்து நேராக எங்கள் கடை மாடிக்கு வந்தான். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவன் காலணியைக் கழற்றவும் தெம்பில்லாமல் இருந்தான்.

"ஏன்டா ஐந்நூற்றைம்பதைப் போட்ட?"

"நீதானே சொன்ன."

"அது சொல்ற விலைடா! நீ குறைச்சுக் கேட்பேன்னு சொன்னது."

"கேக்கத் தோணல லா."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் சண்டை போடுகிறவர் வாங்காமல் போகமாட்டார். விலையைக் கேட்டுவிட்டு "அப்படியா" என்கிறவர் ஏற்கெனவே வாசலில் ஒரு கால் வைத்துவிட்டார்.

"என்னடா விஷயம்?"

"லைன் லீடர் ஆக்கிட்டாங்க. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வீட்டுக்குப் போனா இது. சர்வருக்கு மாசக் கடைசி வரைக்கும்தான் கட்டியிருக்கு. அதோட நிறுத்திக்கலாம்னு பாக்குறேன்."

நான் பேச்சை மாற்றினேன். பேச்சு நடக்கிறவரை வியாபாரம் முடியவில்லை.

"சரி, பொறிக்கு நானூறு."

"போடுறேன்."

"ஏன், முந்நூறு?"

"அதுவும் போடலாம்."

எரிச்சலில், "அப்போ பத்து!" என்றேன்.

அவன் மடிக்கணினியைத் திறந்து பத்து என்று தட்டி, ஏற்றியும் விட்டான்.

திரையில் கண்மணியின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கோட்டையைச் சுற்றி முப்பது பொறிகள் முளைத்தன. உள்ளே இருந்தவர் ஒரு வில்லாளியை மதில்மேல் ஏற்றுவதற்குள் மதிலையே காணோம். கண்மணியிடமிருந்து செய்தி வந்தது: "பாய், ஜெயிச்சுட்டேன். வெட்கமா இருக்கு."

லிங்கேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அநியாயம் லா இது. மதில் கட்ட எவ்வளவு யோசிச்சு எழுதினேன் தெரியுமா? முந்நூறு வை."

"நானூற்றைம்பது."

"பகல் கொள்ளைடா! முந்நூற்றைம்பது. அதுக்கு மேல ஒரு குச்சிகூடத் தரமாட்டேன்."

"நானூறு. மரம் வெட்டுற ஆளுக்கு நடை வேகத்தைக் கூட்டித் தர்றேன்."

"நடை வேணாம். முந்நூற்றெண்பது. முடிஞ்சது."

முடித்தோம். அந்தச் சூட்டோடு நானும் கேட்டுவிட்டேன்.

"நீ இன்னும் ஒரு வருஷம்."

"மாசக் கடைசி."

"ஆறு மாசம். விலை எல்லாம் நானே ஏத்திக்கிறேன், நீ நிரலை மட்டும் பாரு."

"மாசக் கடைசிடா."

"மூணு?"

அவன் சிரித்தான். களைத்த சிரிப்பு. பொறிக்குக் குச்சி குச்சியாகப் பேரம் பேசியவன், தன் விஷயத்தில் சூப்பர்மார்க்கெட்டில் ஒட்டிய விலை மாதிரி இருந்தான். நான் கேட்பதை நிறுத்தினேன். இறக்கமாட்டார் என்று தெரிந்த பிறகும் கேட்டால் அது பேரம் இல்லை, பிச்சை.

அந்த மாதம் மிச்சமிருந்த நாட்களில் இரண்டு தரப்பும் என்னைச் சமமாகத் திட்டின. மூன்று வருடத்தில் அவ்வளவு சுத்தமான திட்டு நான் வாங்கியதில்லை. கடைசி நாள் மதியம் லிங்கேஸ்வரன் சர்வரை அணைத்துவிட்டு, "கணக்கைப் பாரு" என்றான். பார்த்துச் சொன்னேன்.

முந்நூற்றெண்பது மரத்தில் நடந்த முற்றுகை நூற்றுப்பதினான்கு. கோட்டை விழுந்தது ஐம்பத்தாறு. நின்றது ஐம்பத்தேழு. கண்மணி கடைசி மதிலை அடித்துக்கொண்டிருக்கும்போது அணைந்துபோனது ஒன்று. அதை எந்தப் பக்கமும் எழுதவில்லை.