படகுக்கு அடியில்

லிஃப்ட் மெக்கானிக்குக் கூடாரம் அடிக்க வந்தது. ஈர விறகில் தீ மூட்ட வந்தது. தண்ணீர் புகாத பைக்குள் கம்பளியைத் திணித்து, அந்தப் பையைப் படகோடு சேர்த்துக் கட்டவும் வந்தது. கவிழ்ந்த படகிலிருந்து தப்பிக்கும் பாடத்துக்கு மட்டும் அவர் போகவே இல்லை. முதல் வாரம் காய்ச்சல் என்றார், அடுத்த வாரம் காது வலி என்றார். அதற்கப்புறம் பொய்க்கே பஞ்சம் வந்துவிட்டது.

அவருடைய தம்பி மகள் விடுகிற ரகம் இல்லை. அப்பா முழுகிப்போன ஏரிக்குப் போவேன், அவர் போய்ச்சேர ஆசைப்பட்ட தீவில் ஓர் இரவு தங்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் அம்மா அழுது பார்த்து, திட்டிப் பார்த்து, கடைசியில் பெரியப்பா அதே படகில் வந்தால் போகலாம் என்று இறங்கி வந்தாள். பெரியப்பா படகுப் பயிற்சித் தேர்வில் தேறாவிட்டால் தனியாகவே போவதாக மகள் சொல்லிவிட்டாள். செய்வாள், தம்பி மகள்தானே. அதற்காகத்தான் அவர் பயிற்சியில் சேர்ந்தார்.

தம்பி யாரையும் முழுதாகக் கூப்பிட விடமாட்டான். "டேய்" என்று ஆரம்பிக்கும்போதே "இருக்கேன்" என்பான். தூக்கத்தில்கூடச் சொல்வான். பரீட்சையில் ஃபெயிலான அன்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்லி மாட்டிக்கொண்ட மகானுபாவன் அவன்.

ஏரி நடுவில் காற்றடித்துப் படகு கவிழ்ந்தபோதும் அண்ணன் தலையைத் தூக்கி "டேய்" என்றார். "இருக்கேன்" என்று பக்கத்திலேயே கேட்டது. அப்பாடா என்று கரையைப் பார்த்து நீந்தினார். பின்னாலேயே வருகிறான் என்று நினைத்தார். கரையேறித் திரும்பினால் குப்புறக் கிடந்த படகு மட்டும்தான் இருந்தது. தம்பி அதற்கு அடியில், கயிற்றில் கால் சிக்கி, உள்ளே தேங்கியிருந்த கொஞ்சம் காற்றில் வாயை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறான்.

பதில் வந்த விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து லிஃப்ட் குழிக்குள் நின்று, மேலே இருக்கும் ஆளைக் கூப்பிட்டால், காலுக்குக் கீழேயிருந்து பதில் வருகிறது.

கடைசியில் வேறு வழியில்லாமல் அவர் பாடத்துக்குப் போனார். பொது நீச்சல் குளத்தில் பாடம் எடுத்த பயிற்சியாளர் அம்மாவை எல்லோரும் விசிலம்மா என்றார்கள். தொண்டை அப்படி.

"கவிழ்ந்ததும் கூட வந்தவங்களைக் கூப்பிடுங்க. பதில் வந்தாலும் நம்பாதீங்க. படகுக்கு அடியில இருந்து பேசினாக்கூடப் பக்கத்துல கேக்கிற மாதிரிதான் இருக்கும். கையால தொட்டுப் பாருங்க."

அவருக்கு முகம் செத்துப்போனது. "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கதான் வகுப்புக்கே வரலையே சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

தேர்வில் தம்பி மகள் முன்னால், அவர் பின்னால், நடுவில் அவரே கட்டிய மூட்டைகள். விசிலம்மா படகைப் புரட்டினாள். மூக்கெல்லாம் குளோரின் ஏற, அவர் மேலே வந்தார்.

"பாப்பா!"

"இருக்கேன்."

பக்கத்திலேயே கேட்டது. பாழாய்ப்போன கால்கள் அவரைக் கேட்காமலே கரைப்பக்கம் திரும்பி உதைக்கத் தொடங்கின. பாதி தூரத்தில்தான் அவருக்கு உறைத்தது. அது ஆண் குரல்.

திரும்பிப் பாய்ந்து படகுக்கு அடியில் முங்கினார். கை ஒரு கணுக்காலில் பட்டது. அதில் கயிறு சுற்றியிருந்தது. வேலையில் சாமான் பையை இழுக்க வாகாக மிச்சக் கயிற்றை நீளமாகத் தொங்கவிடுவது அவர் வழக்கம். இங்கேயும் அப்படியே விட்டிருந்தார். ஏரியில் மூட்டை கட்டியதும் அவர்தான். காலிலிருந்து அதை உருவிவிட்டு, அவளை மேலே இழுத்துவந்து குளத்துச் சுவரைப் பிடிக்கவைத்தார்.

"நல்லவேளை, பதில் சொன்னியே" என்றார், அந்தக் குரல் அவளுடையதாகவாவது இருக்கட்டும் என்று.

அவள் இருமி இருமி, இல்லையென்று தலையாட்டினாள். "நான் எங்க சொன்னேன் பெரியப்பா? வாயெல்லாம் தண்ணி."

"தொட்டுப் பாத்தீங்கல்ல? பாஸ்! ஏறுங்க சார்!" என்று விசிலம்மா கத்தினாள்.

அவர் ஏறவில்லை. மறுபடியும் முங்கிப் படகுக்கு அடியில் போனார். மங்கலான இருட்டு, முகத்தளவு காற்று. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கையால் துழாவினார். தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

"டேய், வந்துட்டேன்டா" என்றார்.

பதில் வரவில்லை. அந்த ஏரிக்குப் பிறகு முதல் முறையாக, கூப்பிட்டும் பதில் வரவில்லை. அவர் விக்கி விக்கி அழுதார்.

வெளியே யாரோ படகின் முதுகைத் தட்டினார்கள்.

"பெரியப்பா! இருக்கீங்களா?"

சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். அவள் தொட்டுப் பார்க்கட்டும் என்று கையை மட்டும் வெளியே நீட்டினார்.